பயோஹேக்கிங்: மட்டக்களப்பு வெயிலுக்குள் எப்படித் தொடங்குவது

பயோஹேக்கிங் என்று தேடினால் முதலில் வந்து விழுவது ஐஸ் தொட்டிக்குள் இறங்குகிற ஆட்கள், சிவப்பு வெளிச்ச விளக்குகள், பட்டர் போட்ட கோப்பி, கைநிறையக் குளிசைகள். அமெரிக்கக் கோடீஸ்வரர் பிரையன் ஜோன்சன் 2023இல் தன் மகனின் இரத்தத்திலிருந்து பிளாஸ்மா எடுத்து ஏற்றிக்கொண்டார், பிறகு அதால் ஒரு பிரயோசனமும் தெரியவில்லை என்று அவரே அறிவித்து நிறுத்தினார். அந்தச் செய்தியில் எனக்கு முக்கியமாகப் பட்டது பிளாஸ்மா இல்லை, ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் அவர் அளந்து பார்த்தார், பலன் இல்லை என்றதும் விட்டார் என்பதுதான். பயோஹேக்கிங்கில் நாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் பழக்கத்தைத்தான். உடம்பில் ஒன்றை அளக்கிறது, ஒரே ஒரு விசயத்தை மாற்றுகிறது, திரும்ப அளக்கிறது, பலன் இருந்தால் வைத்துக்கொள்கிறது, இல்லையென்றால் தூக்கிப் போடுகிறது. இதற்குக் கோடி தேவையில்லை, ஒரு சீ.ஆர். கொப்பியும் அளவு நாடாவும் இருந்தால் தொடங்கலாம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இணையத்தில் கிடைக்கிற குறிப்புகளில் பாதிக்கு மேல் குளிர் நாட்டுக்காரர் குளிர் நாட்டுக்காரருக்கு எழுதியவை. பனிக்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடுகிற ஊரில் வெளிச்ச விளக்கு வாங்குவது நியாயம். படுக்கையறையை 18 பாகையில் வைத்திருங்கள் என்பதும் அங்கே ஜன்னலைத் திறந்தால் நடக்கிற காரியம். ஆடி மாதக் கச்சான் காற்று அடிக்கும்போது களுவாஞ்சிக்குடியில் இருக்கிற ஒருவருக்கு அந்தக் குறிப்பால் என்ன வேலை? எங்களுடைய பிரச்சினைகள் வேறு: வெக்கை, சீனி போட்ட தேத்தண்ணி, சோற்றுக் குவியல், இரவு பத்து மணிச் சாப்பாடு, தலையணைக்குப் பக்கத்தில் போன். அவற்றிலிருந்து தொடங்கினால்தான் மாற்றம் தெரியும்.

முதலில் அளவுகள்

ஒன்றையும் மாற்றாமல் இரண்டு வாரம் உங்களை நீங்களே கவனியுங்கள். இந்த இரண்டு வாரத்தைத்தான் எல்லோரும் தாண்டிக்கொண்டு ஓடுவார்கள், தாண்டாதீர்கள், ஏனென்றால் தொடக்கம் தெரியாமல் பிறகு ‘இப்ப உடம்பு நல்லா இருக்கு’ என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. புதிதாக எதையாவது செய்யும்போது முதல் பத்து நாளைக்கு எல்லாருக்கும் நன்றாக இருப்பதாகத்தான் தோன்றும்.

கொப்பியில் ஒரு பக்கம் இப்படி இருக்கட்டும். இடது ஓரத்தில் திகதி. அடுத்து எத்தனை மணிக்குப் படுத்தது, எத்தனை மணிக்கு எழும்பியது. பிறகு எழும்பியவுடன் நாடித்துடிப்பு: கட்டிலை விட்டு இறங்க முன், மணிக்கட்டில் பெருவிரல் பக்கமாக இரண்டு விரல் வைத்து ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். ஓய்வில் 60க்கும் 100க்கும் இடையில் இருப்பது வழமை, உடற்பயிற்சி தொடர்ந்து செய்கிறவர்களுக்கு இன்னும் குறைவாக இருக்கும். அதற்குப் பக்கத்தில் அன்று குடித்த தேத்தண்ணி எத்தனை, கடைசித் தேத்தண்ணி எத்தனை மணிக்கு, இராச் சாப்பாடு எத்தனை மணிக்கு. கடைசியில் பின்னேரம் மூன்று மணிக்கு உடம்பு எப்படி இருந்தது என்று 10க்கு ஒரு புள்ளி. அவ்வளவுதான். இதற்கு மேல் நிரல் போட்டால் ஒரு கிழமையில் கொப்பி மூலைக்குப் போய்விடும்.

கிழமைக்கு ஒருமுறை இடுப்புச் சுற்றளவு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் நாடாவைச் சுற்றி, மூச்சை வெளியே விட்டு, வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். தெற்காசிய உடம்புகளுக்கு ஆண்கள் 90 சென்ரிமீற்றர், பெண்கள் 80 சென்ரிமீற்றர் என்பதுதான் எல்லை. வெள்ளைக்காரர்களுக்குச் சொல்லப்படும் எல்லையை விட இது குறைவு, ஏனென்றால் எங்கள் ஆட்களுக்கு ஒல்லியாகத் தெரியும்போதே வயிற்றுக்குள் கொழுப்புச் சேர்ந்து சீனி வருத்தம் வந்துவிடுகிறது. நிறையை விட இந்த ஒரு இலக்கத்தை நான் அதிகம் நம்புவேன்.

பிரசர் மெசின் வீட்டில் இருந்தால் நல்லது, ஆனால் அதைப் பாவிக்கிற விதம்தான் பெரும்பாலும் பிழை. சந்தைக்குப் போய் வந்து வேர்த்து விறுவிறுக்க உட்கார்ந்து அளந்தால் வருகிற இலக்கம் எதற்கும் உதவாது. அரை மணித்தியாலத்துக்குள் தேத்தண்ணியோ சிகரெட்டோ இருக்கக்கூடாது. முதுகு சாய்த்து, கால் இரண்டும் நிலத்தில் பட, பேசாமல் 5 நிமிடம் இருங்கள். கையை மேசையில் வைத்து, பட்டி நெஞ்சு மட்டத்துக்கு வரவேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தரம் எடுத்து இரண்டையும் எழுதுங்கள். 120க்கு 80க்குக் கீழே என்றால் நல்லது, 140க்கு 90 திரும்பத் திரும்ப வந்தால் கொப்பியை மூடிவிட்டு டொக்டரிடம் போங்கள்.

இரத்தப் பரிசோதனையில் தொடக்கத்துக்கு வெறும் வயிற்றுச் சீனி, எச்.பி.ஏ.1.சி., கொலஸ்ரோல், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுகிற கிரியற்றினின் போதும். வெறும் வயிற்றில் 100 mg/dLக்குக் கீழே வழமை, 100 முதல் 125 வரை எச்சரிக்கை, 126ம் அதற்கு மேலும் என்றால் நீரிழிவு என்று பார்ப்பார்கள், திரும்ப ஒருமுறை சோதித்து உறுதிப்படுத்துவார்கள். எச்.பி.ஏ.1.சி. இரத்தச் சீனியின் கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சதவீதத்தில் காட்டும், 5.7இலிருந்து 6.4 வரை எச்சரிக்கை, 6.5இலிருந்து நீரிழிவு. 35 வயது தாண்டியவர்கள் அரச வைத்தியசாலையில் எச்.எல்.சி. (ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்ரர்) கிளினிக் எங்கே என்று கேளுங்கள், பிரசர், சீனி, நிறை எல்லாம் அங்கே காசில்லாமல் பார்ப்பார்கள். இப்படி ஒன்று இருப்பது தெரியாமலே தனியார் லாப்பில் பணம் கட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

ஸ்மார்ட் வொட்ச் பற்றியும் கேட்பீர்கள். இருந்தால் கட்டுங்கள், இல்லையென்றால் வாங்க ஓடாதீர்கள். நாடித்துடிப்பையும் எத்தனை மணித்தியாலம் படுத்தீர்கள் என்பதையும் அது ஓரளவு சரியாகச் சொல்லும், ஆழ்ந்த நித்திரை எவ்வளவு, கனவு நித்திரை எவ்வளவு என்று அது காட்டுவதை அவ்வளவாக நம்ப வேண்டாம். காலையில் நல்லாகத்தான் எழும்பியிருப்பீர்கள், வொட்ச் 58 புள்ளி என்று காட்டியதும் முகம் வாடிவிடும். அப்படி ஆகிறவர்கள் அதைக் கழற்றி வைப்பது நல்லது.

காலை வெளிச்சம், இரவு நித்திரை

எங்கே கை வைத்தால் அதிகம் கிடைக்கும் என்று கேட்டால், யோசிக்காமல் நித்திரை என்பேன். உடம்பின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் ஏறக்குறைய 24 மணித்தியாலத்துக்கு ஒரு சுற்று ஓடுகிற கடிகாரம் இருக்கிறது. அது எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களில் கண்டுபிடித்ததற்காகத்தான் ஜெஃப்ரி ஹோல், மைக்கேல் ரொஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017இல் மருத்துவ நோபல் கிடைத்தது. அந்தக் கடிகாரத்தைத் தினமும் சரிசெய்து வைப்பது கண்ணில் விழுகிற காலை வெளிச்சம். வீட்டுக்குள் ரியூப் லைட் போட்டாலும் சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு)தான், முற்றத்தில் இறங்கினால் மப்பு நாளில்கூடப் பல ஆயிரம். ஜன்னலோரம் இருப்பது போதாது, வெளியே வரவேண்டும்.

இந்த விசயத்தில் எங்களுக்குக் கிடைத்திருப்பது பெரிய கொடை. மட்டக்களப்பில் வருடம் முழுவதும் சூரியன் 5.45க்கும் 6.25க்கும் இடையில் உதித்துவிடும், பனிக்கால இருட்டு என்ற ஒன்றே இல்லை. எழும்பி ஒரு மணித்தியாலத்துக்குள் 10இலிருந்து 20 நிமிடம் வெளியே நில்லுங்கள், நடந்தால் இன்னும் நல்லது. கல்லடிக் கடற்கரை, வாவிக்கரை, படுவான்கரை வயல் வரம்பு, ஒன்றும் இல்லையென்றால் கிணற்றடி. சூரியனை நேரே பார்க்கக்கூடாது, கண்ணுக்கு ஆபத்து. வெளிச்சத்துக்குள் நின்றாலே போதும். போனைக் குனிந்து பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்.

இரவில் இதற்கு எதிர்ப்பக்கமாகச் செய்ய வேண்டும். ஒன்பது மணிக்குப் பிறகு பெரிய லைட்டை அணைத்துச் சின்ன பல்ப் ஒன்றோடு இருங்கள். போனைப் பக்கத்து அறையில் சார்ஜ் போட்டு, எழும்புவதற்குப் பழைய அலாரம் மணிக்கூடு ஒன்று வாங்குங்கள். வெளிச்சம் ஒருபக்கம் இருக்க, போனில் வருகிற சண்டைகளும் செய்திகளும்தான் மூளையைப் படுக்க விடாமல் செய்கின்றன.

வெக்கைக்கு என்ன செய்வது? நித்திரை பிடிக்க வேண்டுமென்றால் உடம்பின் உள்வெப்பம் சற்று இறங்க வேண்டும். ஏசி இல்லாத வீட்டில் அதற்கு நல்ல வழி, படுக்க ஒரு மணித்தியாலம் முந்தி ஒரு குளிப்பு, பிறகு தலையைத் துவட்டிவிட்டு உடம்பை அரை ஈரத்தோடு விட்டு ஃபேனுக்குக் கீழே கொஞ்சம் இருப்பது. ஈரம் ஆவியாகும்போது தோலிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கத் தேவையில்லை, கிணற்றுத் தண்ணீரே போதும். மெத்தையை விடப் பாய் சூடு பிடிக்காது. நுளம்பு வலை கட்டினால் ஃபேனை வலைக்குள் காற்று நேரே போகிற மாதிரி வையுங்கள், சுவரில் இருக்கிற ஃபேனின் காற்றில் பெரும்பகுதி வலையிலேயே நின்றுவிடும்.

அடுத்தது தேத்தண்ணி. கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போவதற்குச் சராசரியாக 5 மணித்தியாலம் எடுக்கும். ஐந்து மணித் தேத்தண்ணியில் பாதி, பத்து மணிக்கும் உள்ளே இருக்கிறது. படுக்க 6 மணித்தியாலம் முந்தி 400 மில்லிகிராம் கஃபீன் எடுத்தவர்களுக்கே நித்திரை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் குறைந்ததாக 2013இல் ஓர் ஆய்வு காட்டியது. அது பல கோப்பை தேத்தண்ணிக்குச் சமம்தான், ஆனால் ஒபிஸில் நாள் முழுக்கக் குடிக்கிறவர்களுக்கு அந்தக் கணக்குத் தூரமில்லை. கல்முனைப் பக்கம் வங்கியில் வேலை செய்யும் நண்பர் ஒருவர் தனக்கு நித்திரை வராத வருத்தம் என்றே நம்பிக்கொண்டிருந்தார். அவருடைய கொப்பியைப் பார்த்தால் இராப் படுத்த நேரத்தில் 12.30, 1.00, 12.45 என்று வரிசையாக இருக்கிறது, அதற்குப் பக்கத்து நிரலில் கடைசித் தேத்தண்ணி 6.15, 7.00, 6.30. வேறொன்றையும் தொடாமல் கடைசித் தேத்தண்ணியை மட்டும் இரண்டு மணிக்குக் கொண்டுவரச் சொன்னேன். இரண்டாம் கிழமையிலிருந்து பதினொரு மணிக்கு முன்னரே கண் சொக்கத் தொடங்கியது. அவர் மாற்றியது ஒன்றே ஒன்று என்பதால்தான் எதனால் வந்த மாற்றம் என்று அவருக்கே தெரிந்தது. அதோடு சேர்த்து மக்னீசியம் குளிசையும் மூச்சுப்பயிற்சியும் தொடங்கியிருந்தால் இன்றைக்கும் அந்தக் குளிசைக்குக் காசு கொடுத்துக்கொண்டிருப்பார்.

சாப்பாட்டுத் தட்டு

தேத்தண்ணிக் கதையை முடிக்க முன் அதிலுள்ள சீனியையும் கணக்குப் பாருங்கள். ஒரு தேக்கரண்டி தட்டையாக எடுத்தால் 4 கிராம். கோப்பைக்கு 2 கரண்டி, நாளைக்கு 5 கோப்பை என்றால் 40 கிராம், கரண்டி குவிந்திருந்தால் இன்னும் கூட. உலக சுகாதார நிறுவனம் ஒரு வளர்ந்த ஆளுக்கு மேல் எல்லையாகச் சொல்வது ஏறக்குறைய 50 கிராம், 25க்குள் நின்றால் நல்லது என்கிறது. பிஸ்கட்டும் கேக்கும் சோடாவும் இன்னும் கணக்கில் வரவில்லை. ஒரே நாளில் நிறுத்தச் சொல்லவில்லை, கிழமைக்கு அரைக் கரண்டி குறையுங்கள், நாக்கு பழகிக்கொள்ளும். அதோடு, சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிப்பது இரும்புச்சத்தை உறிஞ்ச விடாது. இரத்தம் குறைவு என்று சொல்லப்பட்ட பெண்கள் சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடித்தாலே வித்தியாசம் இருக்கும்.

சோற்றை விடச் சொல்கிற குறிப்புகளை நான் சிபாரிசு செய்வதில்லை. வயல் வைத்திருக்கிற ஊரில் அது நிலைக்காது. இரண்டு விசயம் செய்யலாம். ஒன்று, சாப்பிடுகிற ஒழுங்கு. வல்லாரைச் சம்பல், கீரைச் சுண்டல், மீன் இவற்றை முதலில் பாதி சாப்பிட்டுவிட்டுப் பிறகு சோற்றில் கை வையுங்கள். அதே சாப்பாடு, அதே அளவு, ஒழுங்கை மாற்றினால் இரத்தத்தில் சீனி ஏறுகிற உச்சம் குறைகிறது என்பது சோதித்துப் பார்த்த விசயம். இரண்டு, சாப்பிட்டதும் 10 நிமிட நடை. தசை வேலை செய்யும்போது இன்சுலினை அதிகம் எதிர்பாராமலே சீனியை இழுத்துக்கொள்ளும். மத்தியான வெயிலில் றோட்டுக்கு இறங்க வேண்டாம், விறாந்தையில் நடந்தாலும் சரிதான். குளுக்கோமீற்றர் இருக்கிற வீடாக இருந்தால் இதை நீங்களே பார்க்கலாம்: ஒரு நாள் வழக்கம்போல் சாப்பிட்டு 2 மணித்தியாலத்தில் அளந்து பாருங்கள், இன்னொரு நாள் அதே சாப்பாட்டை ஒழுங்கு மாற்றிச் சாப்பிட்டு நடந்துவிட்டு அதே 2 மணித்தியாலத்தில் அளந்து பாருங்கள். நீரிழிவு இல்லாதவருக்கு 140க்குக் கீழே இருக்க வேண்டும்.

புரதம் எங்களுக்குக் குறைவாகத்தான் போகிறது, அதுவும் வயது போனவர்களுக்கு. 60 கிலோ ஆளுக்கு நாளைக்குக் குறைந்தது 48 கிராம், பாரம் தூக்கிப் பயிற்சி செய்கிறவருக்கு 70க்கு மேல். 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம், ஒரு முட்டையில் 6. கீரி, சூடை, நெத்தலி மாதிரியான சின்ன மீன்கள் விலையும் குறைவு, ஒமேகா 3 கொழுப்பும் உண்டு, முள்ளோடு சாப்பிட்டால் கல்சியமும் கிடைக்கும். பயறு, கடலை, எருமைத் தயிர் எல்லாம் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கும்போது புரோட்டீன் பவுடர் டப்பாவுக்குச் சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டியதில்லை.

பட்டினி முறை பற்றி. ஜப்பானிய விஞ்ஞானி யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் கிடைத்த கண்டுபிடிப்பை, கலங்கள் தங்கள் பழைய பகுதிகளைத் தாங்களே உடைத்துத் திரும்பப் பாவிப்பதை, ஒவ்வொரு பட்டினி விளம்பரமும் இழுத்துப் போடுகிறது. அவர் அதை நுண்நோக்கியில் பார்த்தது ஈஸ்ட் கலங்களில். மனிதருக்கு எத்தனை மணித்தியாலப் பட்டினியில் எவ்வளவு நடக்கும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் இராச் சாப்பாட்டை ஏழு மணிக்கு முடித்து, காலையில் ஏழு மணிக்குச் சாப்பிடுவது, அதாவது 12 மணித்தியால இடைவெளி, எந்த ஆபத்தும் இல்லாத நல்ல தொடக்கம். நெஞ்செரிவு இருக்கிறவர்களுக்கு முதல் கிழமையிலேயே வித்தியாசம் தெரியும். காத்தான்குடி, ஏறாவூர் பக்கம் நோன்பு பிடித்துப் பழகியவர்களுக்கு இடைவெளி விடுவது புதிதல்ல, கவனிக்க வேண்டியது திறந்த பிறகு பொரியலும் சர்பத்தும் எவ்வளவு போகிறது என்பதை. இன்சுலின் அல்லது சீனிக் குளிசை எடுக்கிறவர்கள் டொக்டரைக் கேட்காமல் பட்டினி கிடக்கவே கூடாது, சீனி திடீரென்று இறங்கி மயங்கி விழலாம். கர்ப்பிணிகளும் வளர்கிற பிள்ளைகளும் இதற்குள் வரவே வேண்டாம்.

உடம்பை அசைப்பது

கிழமைக்கு 150 நிமிடம் மிதமான அசைவு, இரண்டு நாள் தசைக்கு வேலை. மிதமானது என்றால் நடக்கும்போது கதைக்க முடியும், பாட முடியாது, அந்த வேகம். கல்லடிப் பாலத்தில் விடியப்புறம் கூட்டமாக நடக்கிறவர்கள் அரசியல் கதைத்துக்கொண்டு நடக்கிற வேகம் பெரும்பாலும் அதற்குக் கீழே, கொஞ்சம் கூட்டுங்கள். தசைக்கு ஜிம் கட்டாயமில்லை: கதிரையில் இருந்து கையூன்றாமல் எழும்பி இருப்பது, சுவரில் அல்லது நிலத்தில் தண்டால், இரண்டு கையிலும் தண்ணீர் வாளி தூக்கி முற்றத்தைச் சுற்றுவது. 30 செக்கனில் கதிரையிலிருந்து எத்தனை தரம் எழும்ப முடிகிறது என்று மாதம் ஒருமுறை எண்ணிக் கொப்பியில் எழுதுங்கள். அம்மா அப்பாவுக்கும் இதை எண்ணிப் பாருங்கள், விழுந்து இடுப்பெலும்பு உடைவதற்கு முன்னரே பலவீனம் தெரிந்துவிடும்.

சித்திரையிலிருந்து ஆவணி வரை காலை ஏழரைக்குப் பிறகு வெளியே கடும் பயிற்சி வேண்டாம். நன்றாக வேர்த்தால் வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருக்காமல் உப்புப் போட்ட மோர் குடிக்கலாம், இளநீரும் நல்லது. சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கு இளநீரின் பொற்றாசியம் ஆபத்து, பிரசர் உள்ளவர்களுக்கு உப்பு மோர் பொருந்தாது.

குளிசைகள், பவுடர்கள்

சுருக்கமாகச் சொல்கிறேன். கிரியற்றின் (தசை பலத்துக்காக எடுக்கிற பவுடர்) நாளைக்கு 3இலிருந்து 5 கிராம், பாரப் பயிற்சி செய்கிறவருக்கு உதவும் என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. ஆனால் அதை எடுத்தால் இரத்தப் பரிசோதனையில் கிரியற்றினின் கூடக் காட்டலாம், டொக்டரிடம் முதலே சொல்லிவிடுங்கள். அம்பாறையில் தெஹியத்தகண்டி போன்ற பகுதிகளில் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் இருப்பதால் கிரியற்றினின் பார்க்காமல் பவுடர் எதையும் தொடங்க வேண்டாம். விற்றமின் டி குறைவு வெயில் ஊரிலும் வரும், நாள் முழுக்க உள்ளே இருக்கிறவர்களுக்கும் உடம்பை மூடி உடுத்துகிறவர்களுக்கும். ஆனால் சோதிக்காமல் பெரிய டோஸ் எடுத்தால் கல்சியம் ஏறிச் சிறுநீரகத்தைத் தாக்கும். இரும்புக் குளிசையையும் சோதிக்காமல் எடுக்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். மெலிந்த பெடியன்களுக்கு உடம்பு வைக்க என்று பெயர் எழுதாத பக்கெற்றில் குளிசை கொடுப்பார்கள். அவற்றில் பலவும் டெக்சாமெதசோன், பிரெட்னிசலோன் மாதிரியான ஸ்ரீரொயிட் மருந்துகள். முகம் ஊதுவதைச் சதை போட்டதாக நினைக்கிறார்கள். சீனி ஏறும், எலும்பு தேயும், பல கிழமை எடுத்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தனக்குத் தேவையான ஸ்ரீரொயிட் ஹோர்மோனைச் சொந்தமாகச் சுரக்க முடியாமல் உயிருக்கே ஆபத்தாகும். ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருக்கிற ஒருவரைத் தெரியுமென்றால் நிறுத்து என்று சொல்லாதீர்கள், பக்கெற்றோடு டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

எந்த ஒழுங்கில் செய்வது

அளவெடுத்த இரண்டு வாரத்துக்குப் பிறகு காலை வெளிச்சத்தை மட்டும் சேருங்கள், இரண்டு வாரம். பிறகு கடைசித் தேத்தண்ணி நேரம். பிறகு இராச் சாப்பாட்டு நேரம், அதற்குப் பிறகு சாப்பாட்டு ஒழுங்கும் நடையும். ஏற்கெனவே நன்றாக நித்திரை கொள்கிறவர் நேரே சாப்பாட்டுக்குப் போகலாம். ஒரு மாற்றத்தில் சந்தேகம் வந்தால் ஒரு கிழமை பழையபடி விட்டுப் பாருங்கள், புள்ளி இறங்கி, திரும்பத் தொடங்கியதும் ஏறினால் அது உங்களுக்கு வேலை செய்கிறது. காய்ச்சல், சாவீடு, திருவிழா, பரீட்சை வந்த கிழமைகளைக் கொப்பியில் குறித்துவிட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மூன்று மாதம் முடிந்ததும் அதே லாப்பில் அதே பரிசோதனைகளைத் திரும்பச் செய்யுங்கள், லாப் மாறினால் இலக்கம் சற்று மாறும். ரிப்போட்டுகள் இரண்டையும் கொப்பியில் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டி, கிளினிக்குக்குப் போகும்போது கொப்பியையும் கையில் கொண்டு போங்கள். டொக்டருக்கு உங்களோடு கதைக்கக் கிடைப்பது சில நிமிடம், மூன்று மாத பிரசரும் நித்திரையும் ஒரே பக்கத்தில் இருந்தால் அந்தச் சில நிமிடத்தில் மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று அவர் முடிவெடுக்க முடியும்.